நியுவேக்காரி வீட்டுக் காதுகுத்து

ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம் எனக்கு, நகரத்தின் தெற்கே விரி என்ற இடத்தில், ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குளிர்ப்பெட்டிக் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு பொருத்துகிற வேலை. நீளமான மேசையின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் ஒரு பெண். கதவு எங்களுக்கு நடுவில் படுத்திருக்கும். அவள் தன் பக்கத்து விளிம்பை அமுக்கிக்கொண்டு வருவாள், நான் என் பக்கத்தை அமுக்கிக்கொண்டு போவேன், மூலையில் இரண்டு பேருடைய கட்டைவிரல்களும் முட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த கதவு. வேலை கைக்குத்தான், வாய்க்கு இல்லை. அதனால் நாள் முழுக்கக் கதைத்தோம்.

என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். அகன்ற தோள், பெரிய சிரிப்பு. காதுக்குமேல் எப்போதும் ஒரு பூ இருக்கும். பூ கிடைக்காத குளிர்காலத்தில் பிளாஸ்டிக் பூ. முதல் நாளே நான் எந்த ஊர் என்று கேட்டாள். இலங்கை என்றதும் அதுவும் தீவுதானே என்று சந்தோஷப்பட்டாள். அவளுடைய ஊரைக் கேட்டேன்.

"நான் பாறையிலையிருந்து வந்தனான்" என்றாள்.

அவள் பேசியது ஆங்கிலம்தான். நான் திருப்பிக் கொடுத்ததும் ஆங்கிலம் மாதிரி ஏதோ ஒன்று. ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அவள் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாள். அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

பாறை என்றதும் கைதிகளைக் கல்லுடைக்க வைக்கிற ஏதோ சிறைச்சாலையாக்கும் என்று பயந்து, மேலே கேட்காமல் இரண்டு கதவு முடித்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. சிரித்துச் சிரித்து ரப்பரைக் கீழே போட்டுவிட்டாள். நியுவே என்று ஒரு நாடு இருக்கிறது, முழுநாடும் ஒரே ஒரு தீவு, முழுத்தீவும் ஒரே ஒரு பவளப்பாறை, அதனால் அந்த ஊர்க்காரர்களே அதைப் பாறை என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினாள்.

"எத்தினை பேர் இருக்கினம்?"

"அங்கையோ, இஞ்சையோ?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தத் தீவில் அப்போது மூவாயிரம் பேர்கூட இல்லை. அதைப்போலப் பல மடங்கு நியுவேக்காரர் ஆக்லாந்தில் இருந்தார்கள். "எங்கடை நாட்டிலை பெரிய ஊர் எது எண்டு கேட்டா ஆக்லாந்து எண்டுதான் சொல்லவேணும்" என்பாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் ஊரில் நீர்வழங்கல் திணைக்களத்தில் படம் வரைகிறவராக இருந்தவர். கிணறு, குழாய்க்கிணறு, நிலத்தடி நீர் இவைதான் அவருடைய உலகம். ஆக்லாந்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே அவர் பேச்சைக் குறைத்திருந்தார். கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். நியுவே என்றதற்கும் "அப்பிடியோ" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மனுகாவ் கடைத்தொகுதிக்குப் போனபோது, சாமான் வாங்குகிற நேரத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குள் நுழைந்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தால் பெரிய அட்லஸ் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு, பசிபிக் பக்கத்தின் மடிப்புக்குள் கண்ணை வைத்து இருவரும் தேடிக்கொண்டிருந்தார்கள். மகள்தான் கண்டுபிடித்தாள். டொங்காவுக்குக் கிழக்கே, கடல் நடுவில், பக்கத்தில் துணைக்குக்கூட ஒன்றும் இல்லாமல் ஒரு புள்ளி.

"பேர்தான் தீவைவிடப் பெரிசாயிருக்கு" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கை ஆறு இருக்கோ எண்டு அவவைக் கேள்" என்றார்.

திங்கட்கிழமை கேட்டேன்.

"ஆறோ? ஒரு ஓடைகூட இல்லை. மழை விழுந்த கையோடை பாறை குடிச்சிடும்."

இந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அது சுண்ணக்கல். எங்கடை குடாநாடு மாதிரித்தான். மழைத்தண்ணி கீழை இறங்கி உப்புத்தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டு நிக்கும். கனக்க இறைச்சா உவராப் போகும். அவை கிணறு வெட்டிறவையோ, குழாய் இறக்கிறவையோ? கேட்டுக்கொண்டு வா."

அன்றிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோக வேண்டியதாயிற்று. சாயங்காலம் பதிலோடு திரும்புவேன். சில நாட்களில் அவளும் ஒரு கேள்வி கொடுத்துவிடுவாள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே, குளிர்ப்பெட்டிக் கதவுகளுக்குமேல் என் வாய்வழியாக அந்த இருவரும் பல மாதம் கதைத்தார்கள்.

அந்தப் பதில்களைக்கொண்டுதான் எனக்கு அந்தத் தீவு உருவாயிற்று. நாலு பக்கமும் செங்குத்தான பாறை. இறங்கி நடக்க நீளமான மணற்கரை கிடையாது. தோணியை ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு பாறைப் பிளவுக்குள்ளால் கடலுக்கு இறங்குவார்கள். கப்பல் வந்தாலும் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து படகில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்தால், கரையில் இருக்கும் பாரந்தூக்கி அதை மேலே எடுக்கும். ஒருமுறை அவளுடைய ஊர்த் தேவாலயத்துக்கு வந்த மணி கயிறு நழுவிக் கடலுக்குள் போய்விட்டதாம். இளைஞர்கள் சுழியோடி, கயிறு கட்டி, பாட்டுப் பாடிப் பாடி இழுத்து எடுத்தார்களாம். "அது இப்பவும் கொஞ்சம் ஈரமாத்தான் அடிக்குது" என்றாள்.

குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் கரைக்குப் பக்கத்திலேயே வந்து கிடக்கும், வீட்டுக்குள் படுத்திருந்தால் அவை மூச்சுவிடுவது கேட்கும் என்றாள். இதை மட்டும் என் கணவர் நம்பவில்லை. பாறையும் கடலும் சொல்லிக் கேட்டால் நம்புகிறவர், மூச்சை நம்பவில்லை.

மண்ணோ விரலளவு. பாறை இடுக்குகளில் அலவாங்கால், அதாவது கடப்பாரையால், குத்திக் குழி எடுத்து, அதற்குள் டாரோக் கிழங்கு நடுவார்கள். நம் சேப்பங்கிழங்குக்கு அண்ணன் முறை அது, குழந்தையின் தலையளவு வரும். அலவாங்கு என்றதும் நான் வேலையை நிறுத்திவிட்டேன். சுண்ணக்கல்லை அலவாங்கால் உடைத்துத் தோட்டம் செய்கிற இன்னொரு சனம் உலகத்தில் இருக்குமென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"அதை வித்தா சீவிக்கலாமோ?" என்று கேட்டனுப்பினார் கணவர்.

தேசிக்காய், அதாவது எலுமிச்சை, விற்றுப் பார்த்தார்களாம். கொடித்தோடம்பழச் சாறு விற்றுப் பார்த்தார்களாம். தேங்காய்ப்பால் டின்னில் அடைத்தார்களாம். எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் கப்பல் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது, வருகிற நேரம் புயல் வந்து மரத்தை முறித்திருக்கும். நிச்சயமாக விற்கிறது தபால் முத்திரை ஒன்றுதான் என்றாள். உலகம் முழுக்க முத்திரை சேர்க்கிறவர்கள் வாங்குகிறார்கள். "கடிதம் போட ஆக்கள் இல்லாத ஊரிலை முத்திரை அச்சடிச்சு விக்கிறம்." மற்றபடி சம்பளம் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அரசாங்கத்தில் வேலை. அந்த அரசாங்கத்துக்கு நியூசிலாந்து உதவுகிறது. வீட்டுக்கு ஆக்லாந்துப் பிள்ளைகள் உதவுகிறார்கள்.

"மணியோடர்ப் பொருளாதாரம்" என்றார் கணவர், முகமெல்லாம் மலர்ந்து. "இதுவும் யாழ்ப்பாணம்தான்."

ஒன்றே ஒன்று மட்டும் வேறு. எங்களுக்கு விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பிறக்கும்போதே நியூசிலாந்துக் கடவுச்சீட்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் தீவில் விமானநிலையம் கட்டினார்கள். நாட்டுக்குள் ஆட்கள் வருவார்கள் என்று கட்டியதில், நாட்டுக்குள் இருந்தவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். வீட்டின் முன்னால், தெருவோரத்தில் பெரியவர்களைப் புதைப்பது அங்கே வழக்கம். வீடு பூட்டிக் கிடக்கும், முற்றத்தில் கல்லறை மட்டும் வெள்ளையடித்தபடி இருக்கும். யாராவது ஓர் உறவு வந்து புல் வெட்டிவிட்டுப் போகும்.

"நீங்கள் ஏன் வெளிக்கிட்டு வந்தனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டாள். சண்டை என்றேன். அவள் அடுத்த மூலைவரை ரப்பரை அமுக்கிக்கொண்டு வந்தாள். "எங்களை ஒருத்தரும் துரத்தேல்லை" என்றாள். "ஒரு பிளேன் வந்தது. அவ்வளவுதான்."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் காதுகுத்து வந்தது.

எங்கள் மகளுக்கு ஆறு வயது முடிந்தும் காது குத்தவில்லை. ஊரில் குத்தியிருக்க வேண்டியது, ஓட்டத்தில் தவறிவிட்டது. இங்கே கோவில் இல்லை, காது குத்துகிற நகைப் பத்தர் இல்லை. கடைத்தொகுதியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் குத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கணவர் துப்பாக்கி என்ற சொல்லுக்கே வேண்டாம் என்றுவிட்டார். இதை ஒருநாள் சும்மா சொன்னேன். அவள் கையிலிருந்த ரப்பர் மறுபடியும் கீழே விழுந்தது.

நியுவேயிலும் பெண்பிள்ளைக்குக் காது குத்துவது பெரிய சடங்காம். சொந்தம் முழுக்கக் கூடி, மாதக்கணக்கில் ஏற்பாடு செய்து, பன்றியும் மீனும் கிழங்குமாக விருந்து வைத்து, பிள்ளையைப் பாயில் இருத்திக் குத்துவார்கள். அவளுடைய மகளுக்கு ஏழு வயது. அடுத்த மாதம் அவளுக்குக் காதுகுத்து. தகப்பனுடைய தமக்கைதான் குத்தவேண்டும். அந்த மாமி இதற்காகவே தீவிலிருந்து வருகிறாள்.

"உன்ரை மகளையும் கொண்டுவா" என்றாள். "மாமி ஒரு பிள்ளைக்குக் குத்தினா என்ன, ரெண்டு பிள்ளைக்குக் குத்தினா என்ன."

வீட்டில் சொன்னேன். கணவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் "என்ன கிழமை?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். அது இலங்கை நேரத்துக்கா, நியூசிலாந்து நேரத்துக்கா என்று ஒரு வாதம். நியுவே சர்வதேசத் தேதிக்கோட்டுக்கு மறுபக்கம் இருப்பதால் இங்கே சனி என்றால் அங்கே வெள்ளி என்று அட்லஸிலிருந்து இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தார். கடைசியில் பதினொரு மணிக்கு மேல் என்றால் எந்தக் கணக்குக்கும் பழுதில்லை என்று தீர்ப்பாயிற்று.

மாமி வியாழக்கிழமை வந்து சேரவேண்டும். வாரத்துக்கு ஒரு விமானம்தான். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனால் என் சிநேகிதியின் காதில் பூ இல்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. தீவுக்குமேல் கடும் மழையும் காற்றும். விமானம் வந்து இரண்டுமுறை சுற்றிப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்பிப் போய்விட்டது. மாமி நல்ல உடுப்போடு, கிழங்குப் பெட்டியோடு, தேங்காயை உடைத்துத் தின்னுகிற அந்த ஊர்ப் பெரிய நண்டுகளை அவித்துக் கட்டிய பொதியோடு, பிள்ளைக்கான தோட்டோடு, விமானநிலையத்தில் நின்று ஆகாயத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"தள்ளி வைக்கலாம்தானே?" என்றேன்.

"என்னெண்டு தள்ளி வைக்கிறது? பண்டி செத்திட்டுது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். கிழங்கு சந்தையில் வாங்கலாம், மீனும் வாங்கலாம். குத்துகிற கையைத்தான் எங்கே வாங்குவது என்றாள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவள் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். ஈப்போக்காரி, கிறிஸ்தவள், பெரிய ஆஸ்பத்திரியில் தாதி. மாதத்தில் ஒருநாள் தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவோம், அங்கே பழக்கம். சாயங்காலமே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"இதுக்கா இவ்ளோ தயங்குறீங்க, அக்கா" என்றாள். "நான் தினம் எத்தன பேருக்கு ஊசி போடுறேன். ஆனா ஐஸ் வேணும், ஸ்பிரிட் வேணும், ஊசிய நான்தான் கொதிக்க வைப்பேன். உங்க ஊர் ஆளுங்க நெருப்புல காட்டுறதெல்லாம் என்கிட்ட நடக்காது லா."

சிநேகிதியின் குடும்பம் இருந்தது நகரத்தின் தெற்கு விளிம்பில், தகனினி என்ற இடத்தில், ஒரு பழைய வாடகை வீட்டில். அந்தக் காலத்தில் அங்கே இப்போதிருக்கிற வீட்டு வரிசைகள் கிடையாது. வெளியும் குதிரை லாயங்களும்தான். நாங்கள் போய் இறங்கியபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரை நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வளவில் பெரிய குழி வெட்டி, கல்லைச் சூடாக்கி, அதன்மேல் இலையும் ஈரச் சாக்குமாக மூடி எல்லாம் வெந்துகொண்டிருந்தது. கூடாரத்துக்குள் பாய்கள் விரித்துச் சனம் நிறைந்திருந்தது. அன்று காலை நான் பழுப்புச் சீனி போட்டுப் பெரிய பானை நிறையச் சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொண்டுபோயிருந்தேன். அதை இரண்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு போய் நடுமேசையில் வைத்தார்கள். அவர்களுக்கு அது பிடித்துப்போய், காது குத்துமுன்னமே பானை காலி.

என் கணவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சிநேகிதியின் கணவன், மரக்கதவு மாதிரி ஒரு மனிதன், அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள்தானே தண்ணீர்க் கேள்வி கேட்கிறவர்?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேங்காய் திருவுகிற இடத்தில் இருத்தினான். அங்கே போட்டிருந்ததைப் பார்த்து நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏறி உட்காருகிற பலகை, முன்னால் நீட்டிய கழுத்து, நுனியில் பல்லு வைத்த இரும்பு. எங்கள் வீட்டுத் திருவலையேதான். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தேன், தேங்காய் திருவி முடித்து, ஒரு குச்சியால் மண்ணில் நிலத்தடி நீரின் வெட்டுமுகப் படம் கீறிக்கொண்டிருந்தார். சுற்றிவர ஆறேழு ஆண்கள் குந்தியிருந்து பார்த்தார்கள். தீவில் கிணற்றுக்கு இடம் பார்த்த ஒருவர் அதிலிருந்தார், அவர் குச்சியை வாங்கிக் கடல்மட்டக் கோட்டைச் சரிசெய்தார். என் கணவர் தலையாட்டிக்கொண்டு ஓம், ஓம் என்று தமிழிலேயே சொன்னார்.

போதகர் ஜெபம் சொன்னார். நீண்ட ஜெபம். முடிந்து பாயில் தலையணை போட்டு, பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னால் பிள்ளைகள் இல்லை.

வளவெல்லாம் தேடி, கடைசியில் வாசலில் நின்ற வான் வண்டிக்குள் கண்டுபிடித்தோம். என் மகள் பட்டுப்பாவாடையும் சிநேகிதியின் மகள் வெள்ளைச் சட்டையுமாகப் பின் இருக்கையில் உட்கார்ந்து, உள்ளே பூட்டுப் போட்டிருந்தார்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, என் மகள் ஆங்கிலத்தில் நிபந்தனை சொன்னாள். யாருக்கும் முதலில் குத்தக்கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் குத்தவேண்டும். இல்லாவிட்டால் வெளியே வரமாட்டோம். மற்றவள் தலையை ஆட்டினாள்.

தாதி கண்ணாடி இடுக்கில் குனிந்து, "எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, பாப்பா" என்றாள். "ஒரு கையில காது, ஒரு கையில ஊசி. அப்புறம் அடுத்த பிள்ளைக்கு நான் எங்க போறது?"

கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

பெரியவர்கள் வானைச் சுற்றி நின்று யோசித்தோம். இன்னொரு கை வேண்டும். நான் குத்துகிறேன் என்று வாயெடுத்தேன், ஆனால் சொந்தப் பிள்ளையின் காதென்று நினைத்ததுமே பின்வாங்கிவிட்டேன். சிநேகிதியும் தன் பிள்ளைக்குத் தன்னால் முடியாது என்று கையை விரித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாள் முழுக்க ஒரே கதவின் இரண்டு பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அதிகம் பேசவேண்டியதில்லை.

"நீ என்ரை பிள்ளைக்குக் குத்து" என்றாள் அவள். "நான் உன்ரை பிள்ளைக்குக் குத்திறன்."

தாதி முதலில் முடியவே முடியாது என்றாள். பிறகு வானைப் பார்த்தாள், கூடாரத்தில் காத்திருந்த சனத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டுவிட்டு எங்களைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவச் சொன்னாள். பச்சைப் பப்பாளித் தோலில் இருவரையும் திரும்பத் திரும்பக் குத்த வைத்தாள். "கோணல், கோணல். நேரா பிடிங்க. பயந்து பாதியில நிறுத்துனீங்கன்னாதான் பிள்ளைக்கு வலிக்கும்." பப்பாளி சல்லடையானபின் சரி என்றாள்.

பாயில் இரண்டு சிறுமிகளையும் முதுகோடு முதுகாக இருத்தினோம். இருவரும் பின்னால் கையைக் கோத்துக்கொண்டார்கள். தாதி பேனாவால் காதில் புள்ளி வைத்து, ஐஸ் வைத்து மரக்கச் செய்து, பின்னால் உருளைக்கிழங்குத் துண்டு கொடுத்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் முழந்தாளிட்டு, ஒரு கையால் என் மணிக்கட்டையும் மறுகையால் அவள் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

அந்தச் சின்னக் காது என் விரலுக்குள் குளிர்ந்துபோய் இருந்தது. ஊசி போனதே தெரியவில்லை. "அடுத்த காது" என்றாள் தாதி, நாங்கள் மூச்சு விடுமுன். மறுபடியும் மூன்று. அப்போதுதான் சிநேகிதியின் மகள் வாயைத் திறந்தாள். என் மகளும் திறந்தாள். ஒரே நேரத்தில் குத்தவேண்டும் என்றது போலவே ஒரே நேரத்தில் அழுது, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கூடாரம் முழுக்கக் கைதட்டிப் பாட ஆரம்பித்தது.

நியுவேப் பிள்ளையின் தோடு தீவில் மாமியின் பையில் இருந்தது. என்னிடம் மகளுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு சோடி இருந்தன. என் தாய்வீட்டுச் சோடியை என் மகளுக்கும், கணவர் வீட்டுச் சோடியை சிநேகிதியின் மகளுக்கும் போட்டோம். கணவரைக் கேட்கவில்லை. பார்த்தபோது அவர் தலையசைத்தார். சிநேகிதியின் கணவன் என்னிடம் வந்து, குத்தினவள்தான் மாமி, இனி நீதான் அவளுக்கு மாமி என்று சொல்லி, டாரோவும் பப்பாளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இலையில் கட்டிச் சுட்ட பொதி ஒன்றை என் மடியில் வைத்தான். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். அதை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மூவருக்குமாக இறைச்சி படாத ஒரு மூலையை அந்தக் குழியில் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. தீவிலிருந்து மாமி. இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினார்கள். சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எனக்குச் சொன்னாள்: மாமிக்கு அங்கே இன்னும் வெள்ளிக்கிழமைதானாம். நாளைக்கு நடக்கவேண்டிய விஷயம் நல்லபடி முடிந்துவிட்டது என்று தேவாலயத்தில் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்களாம்.

இரண்டு வாரம் கழித்து விமானம் இறங்கி, மாமி வந்து சேர்ந்தாள். நெடுநெடுவென்று, அறுபதைத் தாண்டிய, ஒரு சிரிப்பும் இல்லாத பெண். தகனினி வீட்டில் எங்களைக் கண்டதும் முதலில் தன் மருமகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காதைப் பார்த்தாள். பிறகு என் மகளுடைய காதை. பிறகு மறுபடியும் மருமகள். நான் பரீட்சை எழுதியவள் மாதிரி நின்றேன்.

"இடது பக்கம் ஒரு மயிரிழை உயரம்" என்றாள். "பரவாயில்லை. அவள் தலையைச் சரிச்சுத்தான் நடப்பாள்."

பையைத் திறந்து, மருமகளுக்கென்று கொண்டுவந்திருந்த சிப்பித் தோட்டை எடுத்து என் மகளின் உள்ளங்கையில் வைத்தாள். நண்டுப் பொதியையும் நீட்டினாள். அதைக் கணவர் பயபக்தியோடு வாங்கிக் கொண்டுபோய்த் தாதியிடம் கொடுத்துவிட்டார். அவள் ஒரு வாரம் அதன் ருசியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமி தங்கியிருந்த நாட்களில் என் கணவர் இரண்டுமுறை போய் அவளோடு கதைத்தார். திமிங்கிலம் மூச்சுவிடுகிற சத்தத்தை அவள் வாயால் செய்து காட்டியபிறகு அதையும் நம்பினார். அவளிடம் கேட்டறிந்தவற்றையெல்லாம் வைத்து அந்தத் தீவின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை நல்ல தாளில், மையால், ஊரில் வரைவது மாதிரி வரைந்தார். மாமிக்குக் கொடுப்பதற்காகத்தான் வரைந்தது. ஆனால் வரைந்து முடித்த கையோடு, வடிகால் படம் வரைய ஆள் தேவை என்று ஒரு மாநகரசபை கொடுத்திருந்த விளம்பரத்துக்கு விண்ணப்பம் போட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேறொன்று கிடைத்தது.

மாமி இங்கேயே நின்றுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தம்பி அறைகூட ஒழித்துக் கொடுத்திருந்தான். அவளோ கிழங்கு நடுகிற காலம் என்று சொல்லி அடுத்த விமானத்துக்கே பெட்டி கட்டினாள். வழியனுப்ப நாங்களும் போனோம். மாவும் டின் இறைச்சியும் ஆணியும் கட்டிய பெட்டிகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது, சிநேகிதி கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். சொந்தமெல்லாம் இங்கேதானே இருக்கிறது, அங்கே தனியாகப் போய் என்ன செய்யப்போகிறாய் என்றாள்.

"எல்லாரும் இஞ்சை வந்திட்டா பிளேன் அங்கை யாருக்காகப் போய் இறங்கிறது?" என்றாள் மாமி.

பிறகு இரண்டு சிறுமிகளையும் கிட்டக் கூப்பிட்டு, ராத்திரியில் தோட்டைத் திருகிவிட மறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் கணவர் கொடுத்த படச்சுருளைக் குடை மாதிரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசைக்குள் போய் நின்றாள். அன்று வானம் தெளிவாக இருந்தது. விமானம் நேரத்துக்கே கிளம்பியது.